இளையோர் உலகக் கோப்பையும் அதன் ரசிகர்களும்

பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பைக் கிரிக்கெட்டின் வரலாறு, அதில் ஆடிப் பின்னர் பெயர் பெற்றவர்களின் பட்டியலாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. 1988இல் பிரையன் லாரா, இன்சமாம் உல் ஹக், சனத் ஜெயசூரியா, 1998இல் கிறிஸ் கெயில், 2000இல் யுவராஜ் சிங், கிரேம் ஸ்மித், 2008இல் விராட் கோலி என்று நீளும் அந்தப் பட்டியலில் பிழை ஏதுமில்லை. ஆயினும் பின்னால் நடந்ததை அறிந்துகொண்டு முன்னால் நடந்ததைத் தொகுத்த பட்டியல் அது என்பதால், அந்த ஆட்டங்கள் நடந்த நாளில் அவற்றை யார் பார்த்தார்கள், எதற்காகப் பார்த்தார்கள் என்ற கேள்விகளுக்கு அதில் விடை கிடைப்பதில்லை. அக்கேள்விகளைத் தொடர்ந்து சென்றால் சற்றே வேறான ஒரு வரலாறு புலப்படுகிறது. கிரிக்கெட்டின் பழம்பெரும் நாடுகள் இத்தொடரைப் பயிற்சிக்கூடமாகவும் பின்னர் ஆள் தேர்வுச் சந்தையாகவும் கருதிவந்த காலத்தில், அதை ஒரு முழுமையான உலகக் கோப்பையாக ஏற்றுக் கொண்டாடிய மக்கள் டாக்காவிலும் காத்மாண்டுவிலும் இருந்தார்கள் என்பதே அந்த வரலாற்றின் சாரம்.

இளையோர் கிரிக்கெட் இத்தொடருக்கு முன்பே நீண்ட வாழ்வு கொண்டிருந்தது. இந்தியாவில் கூச் பிகார் அரச குடும்பம் வழங்கிய கோப்பைக்காக 1945-46 பருவத்திலிருந்து பள்ளி மாணவர் அணிகள் மோதி வந்தன. பின்னாளில் அதுவே பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோருக்கான தேசியத் தொடராக மாறியது. 1970களில் இங்கிலாந்து, மேற்கிந்தியத் தீவுகள் முதலிய நாடுகளின் இளையோர் அணிகள் ஒன்றன் நாட்டுக்கு மற்றொன்று பயணம் சென்று, 'இளையோர் டெஸ்ட்' என்று வழங்கப்பட்ட பல நாள் ஆட்டங்களை ஆடத் தொடங்கின. இவற்றையெல்லாம் பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் தேர்வாளர்களும் பயிற்சியாளர்களும் பெற்றோர்களுமே. மைதானத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு அமரக்கூடிய அளவிலான அந்தச் சிறு கூட்டத்தை ரசிகர் திரள் என்று சொல்ல இயலாது.

இந்தப் பொதுநிலைக்கு மாறான ஒரு நாடு இலங்கை. அங்கே பதினெட்டு வயதுப் பையன்கள் ஆடும் ஆட்டத்தைப் பல்லாயிரம் பேர் பார்ப்பது நூற்றாண்டு கடந்த வழக்கம். கொழும்பின் ராயல் கல்லூரிக்கும் புனித தோமையர் கல்லூரிக்கும் இடையே 1879இல் தொடங்கிய ஆட்டமும், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரி எனப்படும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே 1904இல் தொடங்கிப் போர்க்காலத்தில் தடைபட்டும் மீண்டும் தொடர்ந்த 'வடக்கின் பெருஞ்சமரும்' பள்ளி விளையாட்டு என்ற எல்லையைத் தாண்டி ஊர்த் திருவிழாக்களாகவே நிலைபெற்றவை. பழைய மாணவர்கள் கடல் கடந்தும் வந்து கூடுவதும், கல்லூரிக் கொடிகளுடன் வாகன ஊர்வலம் போவதும், மேளமும் ஊதுகருவிகளும் சேர்ந்து முழங்கும் 'பப்பரே' இசைக்கு அரங்கமே ஆடுவதும் இச்சமர்களின் அடையாளங்கள். 1982இல் இலங்கை தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியபோது அர்ஜுன ரணதுங்க ஆனந்தக் கல்லூரி மாணவராக அதில் களமிறங்கியதும், பள்ளி மைதானத்தையும் தேசிய மைதானத்தையும் ஒரே கூட்டம் பார்த்துவந்ததும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. இளையோர் ஆட்டத்துக்குப் பார்வையாளர் மரபு என்ற ஒன்று இருந்த நாடு, சர்வதேசத் தொடர் வருவதற்கு முன்பு, இது ஒன்றுதான்.

ஆனால் முதல் தொடர் இலங்கையில் நடக்கவில்லை. ஐரோப்பியர் குடியேறிய 200ஆம் ஆண்டை ஆஸ்திரேலியா 1988இல் கொண்டாடியபோது, அக்கொண்டாட்டங்களில் ஒன்றாக மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் ஆதரவுடன் 'இளையோர் உலகக் கோப்பை' அறிமுகமானது. டெஸ்ட் தகுதி பெற்றிருந்த ஏழு நாடுகளுடன், அத்தகுதி பெறாத இணை உறுப்பு நாடுகளிலிருந்து தேர்ந்தெடுத்த வீரர்களைக் கொண்ட ஒரு கூட்டு அணியும் சேர்ந்து எட்டு அணிகள் ஆடின. பெரும்பாலான ஆட்டங்கள் பெருநகரங்களில் நடக்காமல், மரே ஆற்றின் கரையில் ஆரஞ்சும் திராட்சையும் விளையும் ரென்மார்க், பெர்ரி, மில்டூரா போன்ற சிற்றூர்களின் மைதானங்களில் நடந்தன. அந்த ஊர்களின் மக்களுக்கு இது நாட்டு விழாவின் ஒரு நிகழ்ச்சியாக வந்துசேர்ந்ததே தவிர, வெளிநாட்டு அணிகளின் பெயரறியாப் பையன்களைப் பின்தொடர அவர்களுக்குக் காரணம் ஏதும் இருக்கவில்லை. அடிலெய்டில் நடந்த இறுதியாட்டத்தில் பிரெட் வில்லியம்ஸின் சதத்தால் ஆஸ்திரேலியா பாகிஸ்தானை 5 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

அத்தொடரில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் தமிழகத்தைச் சேர்ந்த எம். செந்தில்நாதன். இங்கிலாந்துக்கு மைக்கேல் ஆதர்டனும் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பிரையன் லாராவும் தலைவர்களாக இருந்த தொடர் அது என்பதை நினைத்தால், செந்தில்நாதனின் பெயர் தமிழ் விளையாட்டு வாசகர்களிடையே இவ்வளவு குறைவாக அறியப்பட்டிருப்பதற்கு அவருடைய ஆட்டத்தைக் காட்டிலும் அத்தொடருக்கு இந்தியாவில் பார்வையாளர் இல்லாமற்போனதே முதற்காரணம் என்று கருத இடமுண்டு. தொலைக்காட்சி ஒளிபரப்பு இந்திய வீடுகளை எட்டவில்லை. செய்தித்தாள்களின் விளையாட்டுப் பக்கத்தில் சில வரிகளாக முடிவுகள் வந்தன. தேசிய அணிக்குள் நுழையாத அவர், பின்னர் சென்னையின் எம்.ஆர்.எஃப். வேகப்பந்து அகாதெமியில் பயிற்சியாளராகப் பல தலைமுறைப் பந்துவீச்சாளர்களை உருவாக்கினார்.

கொண்டாட்டம் முடிந்ததும் தொடரும் முடிந்தது. அடுத்த பத்தாண்டுகளுக்கு அதை மீண்டும் நடத்த யாரும் முன்வரவில்லை. பார்வையாளர் இல்லாத தொடருக்குப் பணம் போட எந்த வாரியத்துக்கும் மனமிருக்கவில்லை என்பதே இதற்குரிய எளிய விளக்கம். 1998இல் தென்னாப்பிரிக்காவில் அது உயிர்பெற்றபோது காரணம் வேறாக இருந்தது. கிரிக்கெட்டைப் புதிய நாடுகளுக்குப் பரப்ப வேண்டும் என்ற நோக்கம் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலுக்கு, அதாவது ஐ.சி.சி.க்கு, வலுப்பட்டிருந்த காலம் அது. நமீபியா, டென்மார்க், பப்புவா நியூகினி உட்பட 16 அணிகள் அழைக்கப்பட்டன. முதற்சுற்றில் பின்தங்கும் அணிகள் வெறுங்கையோடு ஊர் திரும்பாதபடி, அவற்றுக்குள் 'பிளேட்' என்ற இரண்டாம் நிலைக் கோப்பை ஒன்று வைக்கப்பட்டது. ஜோகன்னஸ்பர்க் இறுதியாட்டத்தில் இங்கிலாந்து நியூசிலாந்தை வென்று கோப்பையைப் பெற்றதை இங்கிலாந்து மக்களில் பெரும்பாலோர் கவனித்ததாகத் தெரியவில்லை. அதே தொடரில் பிளேட் கோப்பையை வென்ற பங்களாதேஷின் நிலை வேறு. அதற்கு முந்தைய ஆண்டு, 1997 ஏப்ரலில், கோலாலம்பூரில் ஐ.சி.சி. கோப்பையை வென்று உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது வண்ணப் பொடி தூவிக் கொண்டாடிய மக்களுக்கு, இளையோர் அணியின் இவ்வெற்றியும் அந்தக் கொண்டாட்டத்தின் தொடர்ச்சியாகவே பட்டது.

2000ஆம் ஆண்டுத் தொடர் இலங்கைக்குச் சென்றதன் மூலம், இளையோர் ஆட்டத்தைப் பார்க்கப் பழகிய மக்களிடம் அது முதன்முறையாக வந்தது. ராயல் – தோமையர் ஆட்டம் ஆண்டுதோறும் நடக்கும் கொழும்பின் எஸ்.எஸ்.சி. மைதானத்திலேயே ஜனவரி 28 அன்று இலங்கையும் இந்தியாவும் இறுதியாட்டத்தில் மோதின. இலங்கை 178 ரன்களுக்குச் சுருள, முகமது கைஃப் தலைமையிலான இந்திய அணி 6 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. இவ்வெற்றி இந்தியாவில் உடனே பெரிதாகப் பேசப்பட்டதாகச் சொல்வதற்கில்லை. தேசிய அணி அதே கோடைப்பருவத்தில் ஆஸ்திரேலியாவிடம் டெஸ்ட் தொடரை 3-0 என்று இழந்து நின்றது. ஏப்ரலில் சூதாட்ட விவகாரம் வெடித்து ரசிகர்களின் நம்பிக்கையையே அசைத்துவிட்டது. 2002 ஜூலை 13 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் 326 ரன் இலக்கைத் துரத்திய இந்தியாவை, கைஃபும் யுவராஜும் சேர்ந்து 121 ரன் எடுத்துக் கரைசேர்த்த பிறகுதான், இந்த இருவரும் கொழும்பில் கோப்பை வென்றவர்கள் என்ற செய்தி பரவலாக நினைவுகூரப்பட்டது. இந்திய ரசிகர் இளையோர் தொடரைப் பார்க்கும் முறை இந்த நிகழ்விலேயே வடிவம் பெற்றது எனலாம். நடக்கும்போது பாராமல், நடந்து முடிந்து சில ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்ப்பது; அடுத்த முறை நடக்கும்போது, இனி வரப்போகும் திரும்பிப் பார்த்தலுக்காகப் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்வது. இப்பழக்கத்தில் ஆட்டம் எப்போதும் வேறொன்றுக்கான முன்னுரையாகவே நிற்கிறது.

முன்னுரையைப் புத்தகமாகவே வாசித்தவர்கள் பங்களாதேஷ் மக்கள். 2004 பிப்ரவரி 15 முதல் மார்ச் 5 வரை அங்கே நடந்த தொடர், இளையோர் கிரிக்கெட்டின் பார்வையாளர் வரலாற்றில் தனி அத்தியாயம் பெறத் தக்கது. 54 ஆட்டங்களுக்கும் சேர்த்து மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மைதானங்களுக்கு வந்தனர் என்பது பதிவு. டாக்காவின் வங்கபந்து தேசிய மைதானத்தில் பாகிஸ்தான் மேற்கிந்தியத் தீவுகளை 25 ரன் வித்தியாசத்தில் வென்ற இறுதியாட்டத்தை 30,000 பேர் பார்த்தனர்; அதில் ஆடிய இரண்டு அணிகளில் எதுவும் அவர்களுடைய சொந்த அணி அன்று என்பதைக் கருதினால் அந்த எண்ணின் பொருள் இன்னும் கூடுகிறது.

அம்மக்கள் இவ்வாறு திரண்டதற்குரிய காரணத்தை அன்றைய பங்களாதேஷ் தேசிய அணியின் நிலையில் தேட வேண்டும். 1999 மே 31 அன்று நார்த்தாம்ப்டனில் பாகிஸ்தானை வென்றதற்குப் பிறகு, அடுத்த ஆண்டு டெஸ்ட் தகுதியும் பெற்றிருந்த அந்த அணி, ஒருநாள் ஆட்டங்களில் வெற்றி என்பதையே காணாமல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளைக் கழித்தது. கிரிக்கெட்டின் மீது தணியாத பற்றும், அப்பற்றுக்கு ஒரு வெற்றியையும் திருப்பித் தராத அணியும் கொண்டிருந்த அந்த நாட்டுக்கு, சம வயதுடைய எதிரிகளைச் சமமாகச் சந்திக்கும் தன் பையன்களைப் பார்ப்பது வெறும் எதிர்கால முதலீடாகத் தோன்றியிருக்க முடியாது. நடப்புச் சாம்பியனாக வந்த ஆஸ்திரேலிய இளையோர் அணி முதற்சுற்றில் ஜிம்பாப்வேயிடம் 73 ரன்களுக்குச் சுருண்டு, டினாஷே பன்யங்காராவின் 6 விக்கெட் பந்துவீச்சில் தோற்றுப் பிளேட் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அப்பிரிவின் இறுதியாட்டத்தில் அதே ஆஸ்திரேலியாவைப் பங்களாதேஷ் வீழ்த்தியபோது ஆயிரக்கணக்கானோர் மகிழ்ச்சியில் ஆடிப்பாடினர். முதன்மைக் கோப்பையா, இரண்டாம் நிலைக் கோப்பையா என்ற வேறுபாடு அந்த மாலையில் யாருக்கும் பெரிதாக இருந்திருக்காது. இளையோர் தொடர் முடிந்து ஐந்து நாள் கழித்து, மார்ச் 10 அன்று, ஹராரேயில் தேசிய அணியும் ஜிம்பாப்வேயை வென்று தன் நீண்ட வறட்சியை முடித்துக்கொண்டது. இளையோர் தொடரில் அதிக விக்கெட் எடுத்த சுழற்பந்து வீச்சாளர் எனாமுல் ஹக், 2005 ஜனவரியில் சட்டோகிராமில் பங்களாதேஷ் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்ற ஆட்டத்தின் இரண்டாம் இன்னிங்ஸில் 6 விக்கெட் வீழ்த்தினார்.

அதே 2004 இளையோர் தொடரில் 505 ரன் குவித்துத் தொடர் நாயகனாகத் தேர்வான ஷிகர் தவானின் சாதனை 2022இல் தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸ் 506 ரன் எடுக்கும் வரை நிலைத்திருந்தது. அம்பத்தி ராயுடு தலைமையிலான அந்த இந்திய அணியில் தமிழகத்தின் தினேஷ் கார்த்திக்கும் இருந்தார்.

நேபாளத்தின் கதை இன்னும் விசித்திரமானது. தேசிய அணியின் வழியாக உலகக் கிரிக்கெட்டுக்குள் நுழைவதே நாடுகளின் இயல்பான பாதையாக இருக்க, நேபாளம் தன் இளையோர் அணியின் வழியாக நுழைந்தது. 2002இல் நியூசிலாந்தில் நடந்த தொடரில் பாகிஸ்தானை வென்றது. 2006இல் இலங்கையில் தென்னாப்பிரிக்காவையும், பிளேட் இறுதியாட்டத்தில் ஒரே ஒரு விக்கெட் மீதமிருக்க நியூசிலாந்தையும் வென்றது. அந்த ஆண்டுகளில் நேபாள கிரிக்கெட்டுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் இலங்கையின் முன்னாள் மட்டையாளர் ரோய் டயஸ். ஒருநாள் ஆட்டத் தகுதியைக் கூட 2018இல்தான் பெற்ற ஒரு நாட்டுக்கு, அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே டெஸ்ட் நாடுகளை வென்ற அணி ஒன்று இருந்தது; அதன் வீரர்களுக்குப் பத்தொன்பது வயது நிரம்பவில்லை என்பது அந்நாட்டு ரசிகருக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை. பின்னாளில் கீர்த்திபூர் மைதானத்தின் புல்மேடுகளிலும் சுற்றியுள்ள மரங்களிலும் ஏறி நின்று ஆட்டம் பார்த்த பெருங்கூட்டத்தின் தொடக்கத்தை இவ்வெற்றிகளில் காண்பது பொருத்தமானது. 2010இல் முதன்முறையாக ஆடி, 2014இல் ஆஸ்திரேலியாவை வென்று, 2018இல் அரையிறுதியை எட்டிய ஆப்கானிஸ்தானுக்கும் இத்தொடர் ஏறக்குறைய இதே பணியைச் செய்தது.

2006 பிப்ரவரி 19 அன்று கொழும்பு பிரேமதாச மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். பாகிஸ்தானை 109 ரன்களுக்குள் சுருட்டிய இந்தியா, 9 ரன்களுக்கு 6 விக்கெட் இழந்து, 71இல் முடிந்துபோனது. ரோகித் சர்மாவும் புஜாராவும் ஜடேஜாவும் அந்த அணியில் இருந்தனர் என்பது இன்று வியப்பூட்டும் தகவலாகப் பேசப்படுகிறது. பாகிஸ்தான் ரசிகருக்கோ, அணித்தலைவர் சர்ஃபராஸ் அகமது 2017 சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்திலும் இந்தியாவைத் தோற்கடித்ததால், பதினொரு ஆண்டு இடைவெளியில் இருமுறை சொல்லி மகிழத்தக்க ஒரே கதையாக அது அமைந்தது.

2008ஆம் ஆண்டு பார்வையாளரின் நோக்கையே மாற்றியது. மலேசியாவில், இந்திய, இலங்கை வம்சாவளியினரிடையே வேர்கொண்டிருந்த கிரிக்கெட்டுக்கு உரிய சிறிய மைதானங்களில் நடந்த அத்தொடரின் இறுதியாட்டம், கோலாலம்பூரை அடுத்த கின்றாராவில் மார்ச் 2 அன்று நடந்தது. இந்தியா 159 ரன்களுக்கு ஆட்டமிழந்தபின் மழை குறுக்கிட்டது; மழையால் குறையும் ஓவர்களுக்கு ஏற்ப இலக்கைத் திருத்தும் கணக்கு முறையான டக்வொர்த் – லூயிஸ் விதிப்படி தென்னாப்பிரிக்காவை இந்தியா 12 ரன் வித்தியாசத்தில் வென்றது. அதே மாதத்தில், தொடங்கவிருந்த ஐ.பி.எல். அணிகள் இந்த இளையோரைத் தமக்குள் பிரித்தெடுத்துக்கொண்டன. முதல் வாய்ப்பைப் பெற்ற டெல்லி அணி தன் ஊர்ப் பையனான கோலியை விட்டுவிட்டு வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானைத் தேர்ந்தெடுக்க, கோலி பெங்களூருக்குப் போனார். இந்த ஒரு தேர்வு இந்திய ரசிகர்களுக்கு அளித்த பொழுதுபோக்குக்கு இன்றுவரை முடிவில்லை. அன்றிலிருந்து இளையோர் தொடரைப் பின்தொடர்வது என்பது, எந்தப் பையனை எந்த அணி எடுக்கும் என்று கணிப்பதோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தது. 2018இல் நியூசிலாந்தில் தொடர் நடந்துகொண்டிருந்தபோதே, அரையிறுதிக்குச் சில நாள் முன்பு, ஜனவரி 27, 28 தேதிகளில் ஏலம் நடந்து, கம்லேஷ் நாகர்கோட்டி 3.2 கோடி ரூபாய்க்கும் சுப்மன் கில் 1.8 கோடிக்கும் விலைபோயினர். பள்ளி இறுதித் தேர்வுக்கு நடுவே மதிப்பெண் பட்டியல் வந்துவிட்டது போன்ற நிலை அது. இந்திய இளையோர் அணியின் பயிற்சியாளர் ராகுல் திராவிட், கோப்பையை வென்றதற்காகத் தமக்கு அறிவிக்கப்பட்ட 50 லட்சம் ரூபாய் பரிசை ஏற்காமல், உதவிப் பயிற்சிக் குழுவினர் அனைவருக்கும் சமமான தொகை வேண்டும் என்று கேட்டு, எல்லோருக்கும் 25 லட்சம் என்று மாற்றச் செய்தது அந்த விலைப் பேச்சுக்கிடையே நிகழ்ந்த ஒரு நல்ல விதிவிலக்கு.

ஆனால் கணிப்பு எவ்வளவு பலவீனமான தொழில் என்பதை இத்தொடரின் ஏடுகளே சொல்கின்றன. 1988 முதல் 2024 வரையிலான இறுதியாட்டங்களில் ஐந்து பேர் சதம் அடித்துள்ளனர்: 1988இல் பிரெட் வில்லியம்ஸ், 1998இல் இங்கிலாந்தின் ஸ்டீபன் பீட்டர்ஸ், 2002இல் ஆஸ்திரேலியாவின் ஜாரட் பர்க், 2012இல் உன்முக்த் சந்த், 2018இல் மஞ்ஜோத் கால்ரா. உலகக் கோப்பையின் இறுதி நாளில் ஆட்டத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்த இந்த ஐவரில் ஒருவர் கூடத் தம் நாட்டின் முதன்மை அணிக்கு ஆடவில்லை. 2012 ஆகஸ்ட் 26 அன்று ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் மைதானத்தில் 111 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்ற உன்முக்த் சந்தை அடுத்த கோலி என்று கொண்டாடாத இந்திய விளையாட்டுப் பக்கம் இல்லை. 2021இல் அவர் இந்தியக் கிரிக்கெட்டிலிருந்து விலகி அமெரிக்காவுக்குப் போனார். அதே தொடரின் காலிறுதியிலும் அரையிறுதியிலும் ஆட்ட நாயகனாகத் தேர்வான சென்னையின் பாபா அபராஜித்துக்கும் தேசிய அணியின் கதவு திறக்கவில்லை. இவர்களைத் தோல்வியுற்றவர்களாகச் சித்திரிக்கும் கட்டுரைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கின்றன. அக்கட்டுரைகளில் உள்ள பிழை, பத்தொன்பது வயதில் பெற்ற உலகக் கோப்பையை வேறொன்றின் அடையாளச் சீட்டாக மட்டுமே மதிப்பது. டவுன்ஸ்வில்லில் அன்று நிகழ்ந்தது முழுமையான ஒரு வெற்றி. பின்னால் வந்த எதுவும் அதைக் குறைத்துவிட முடியாது.

ரசிகரின் ஐயத்துக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. வயது வரம்புள்ள எந்தப் போட்டியிலும் எதிரணிப் பையனின் மீசையைப் பார்த்து அவன் வயதைக் கேள்வி கேட்பது தெற்காசியப் பார்வையாளரின் பழைய வழக்கம். அந்தக் கேலிக்குப் பின்னால் உண்மையான சிக்கல் ஒன்று இருந்தது. பிறந்த தேதியைக் குறைத்துக் காட்டும் மோசடியைச் சூதாட்டத்துக்கு நிகரான கேடு என்று 2015 டிசம்பரில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் திராவிட் வெளிப்படையாகச் சாடினார். மணிக்கட்டு எலும்புகளின் வளர்ச்சியைக் கதிர்ப்படத்தில் அளந்து வயதை மதிப்பிடும் டி.டபிள்யூ.3 என்ற சோதனையை இந்தியக் கிரிக்கெட் வாரியம் கீழ்நிலை வயதுப் பிரிவுகளில் கொண்டுவந்திருந்தது. 2016இல், ஒருவர் ஒரே ஒரு இளையோர் உலகக் கோப்பையில் மட்டுமே ஆடலாம் என்ற விதியையும் அது வகுத்தது. 2016 தொடரில் ஆடிய தமிழகத்தின் வாஷிங்டன் சுந்தர், வயது இடங்கொடுத்தும் 2018 தொடரில் ஆடாததற்கு இவ்விதி ஒரு காரணம். அதற்குள், 2017 டிசம்பரிலேயே, அவர் தேசிய அணிக்கு ஆடத் தொடங்கிவிட்டார். இந்த விதியால் இந்திய அணி முறைதோறும் முற்றிலும் புதிய முகங்களுடன் வருவதும், ரசிகர் ஒவ்வொரு முறையும் பெயர்களை முதலிலிருந்து கற்க வேண்டியிருப்பதும் வாரியம் எண்ணிச் செய்தவை அல்ல என்றாலும் அவற்றால் நன்மையே விளைந்தது.

பங்களாதேஷ் ரசிகரின் நீண்ட காத்திருப்பு 2020 பிப்ரவரி 9 அன்று தென்னாப்பிரிக்காவின் பொச்செஃப்ஸ்ட்ரூமில் முடிந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, மிர்பூரில் சொந்த மக்களின் முன்னால் அரையிறுதியில் மேற்கிந்தியத் தீவுகளிடம் தோற்ற வலி அவர்களுக்கு இருந்தது. இம்முறை யசஸ்வி ஜெய்ஸ்வால் 88 ரன் எடுத்தும் இந்தியாவை 177க்குள் கட்டுப்படுத்தி, ரவி பிஷ்ணோயின் 4 விக்கெட்டுகளால் தடுமாறி, தசைப்பிடிப்பால் வெளியேறியிருந்த பர்வேஸ் உசேன் ஈமோன் மீண்டும் களம்புகுந்து கைகொடுக்க, அணித்தலைவர் அக்பர் அலியின் நிதானத்தால் 3 விக்கெட் வித்தியாசத்தில் வென்றனர். எந்த வயதுப் பிரிவிலும் பங்களாதேஷ் பெற்ற முதல் உலகக் கோப்பை அது. ஆட்டம் முடிந்ததும் இரு அணி வீரர்களும் கைகலப்புக்கு நெருங்கியதற்காக மூன்று பங்களாதேஷ் வீரர்களும் இரண்டு இந்திய வீரர்களும் ஐ.சி.சி.யின் தண்டனைக்கு உள்ளாயினர். மூத்தோர் ஆட்டங்களின் பகைமையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதையே திருப்பி ஆடிக்காட்டினர் என்பதைத் தவிர இதில் வியக்க ஏதுமில்லை. கோப்பையுடன் திரும்பிய அணியை டாக்கா விமான நிலையத்திலும் மிர்பூர் மைதானத்திலும் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வரவேற்றனர். இந்தியா அதுவரை நான்கு முறை கோப்பையை வென்றிருந்தும், அவற்றில் எந்த அணிக்கும் அத்தகைய தெருத்திரள் கிடைத்ததில்லை.

பெண்களுக்கான இளையோர் உலகக் கோப்பை, ஆண்கள் தொடர் தொடங்கி 35 ஆண்டுகள் கழித்து, 2023இல்தான் வந்தது. இருபது ஓவர் ஆட்டங்களாக நடக்கும் அத்தொடரின் முதல் இரண்டு கோப்பைகளையும் இந்தியாவே வென்றது. 2025இல் மலேசியாவில் நடந்த இரண்டாம் தொடரில் விக்கெட் காப்பாளராகவும் தொடக்க மட்டையாளராகவும் ஆடிய ஜி. கமலினி தமிழகத்தைச் சேர்ந்தவர். தொடருக்கு முந்தைய மாதமே மும்பை அணி அவரை 1.6 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்திருந்தது. அந்தத் தொடரில் நைஜீரிய அணி சரவாக்கில் நியூசிலாந்தை 2 ரன் வித்தியாசத்தில் வென்ற ஆட்டத்தை ஏலக் கணக்கு ஏதுமின்றிப் பார்த்தவர்களே, இத்தொடர் எதற்காக இருக்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள்.

இலங்கைக்கு மூன்றாம் முறையாகக் கிடைக்கவிருந்த 2024 ஆண்கள் தொடர், அந்நாட்டு வாரியத்தை ஐ.சி.சி. 2023 நவம்பரில் இடைநீக்கம் செய்ததால் தென்னாப்பிரிக்காவுக்கு மாற்றப்பட்டது. நிர்வாகிகளின் பிழைக்கு உரிய தண்டனை, இளையோர் ஆட்டத்தை உலகில் வேறெவரினும் நீண்ட காலம் பார்த்துவந்த மக்களின் தலையில் விழுந்தது. இலங்கை அணியின் விக்கெட் காப்பாளர் சாருஜன் சண்முகநாதனைக் கொழும்பிலோ கண்டியிலோ அரங்கில் அமர்ந்து பார்த்திருக்க வேண்டிய தமிழ் ரசிகர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். தொடர்களை நாடுகளுக்கு ஒதுக்கும்போது, வசதியான மைதானங்களையும் ஒளிபரப்பு நேரத்தையும் மட்டுமல்லாமல், ஆட்டத்தை அதற்காகவே பார்க்க வரும் மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் ஐ.சி.சி. கணக்கில் கொள்ள வேண்டும். இந்தியாவுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. 1988 முதல் 2024 வரை நடந்த 15 ஆண்கள் தொடர்களில் ஐந்தை வென்று முதலிடத்தில் நிற்கும் இந்தியா, அவற்றில் ஒன்றைக் கூடத் தன் மண்ணில் நடத்தியதில்லை.